ரத்தக்கட்டுக்கான ஆன்டிபாடி பரிசோதனை: எதை எடுப்பது, எங்கே, எப்போது?

காரணமே தெரியாமல் காலின் ரத்தநாளத்துக்குள் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டவர், ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்தவர், கரு தங்காமல் திரும்பத் திரும்பக் கலைந்து போனவர் என்று இவர்களிடமெல்லாம் மருத்துவர் ஒரு கட்டத்தில் "ஏபிஎஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்" என்பார். ஏபிஎஸ் என்றால் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம். கிருமிகளோடு சண்டை போட வேண்டிய ஆன்டிபாடிகள் நம் உடம்பின் சொந்தப் புரதங்களையே குறிவைத்து, வேண்டாத இடத்தில் ரத்தத்தை உறைய வைக்கும் கோளாறு அது. சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும்தான் குழப்பம் ஆரம்பிக்கும். ஒரு லேபில் ஒரே ஒரு டெஸ்ட் போதும் என்பார்கள், இன்னொரு லேபில் பத்துப் பதினைந்து டெஸ்ட் அடங்கிய பேக்கேஜை நீட்டுவார்கள், மூன்றாவது இடத்தில் "நீங்கள் வரவே வேண்டாம், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம்" என்பார்கள்.

ரத்த உறைவுப் பரிசோதனைகள் செய்யும் ஆய்வகத்தில்தான் என் வேலை. இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுப்பதாக இருந்தால் மூன்று டெஸ்டையும் சேர்த்து எடுங்கள். அதில் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் டெஸ்டுக்கு மட்டுமாவது நேரில் போய், அங்கேயே மாதிரியை இயந்திரத்தில் சுழற்றிப் பதப்படுத்தும் லேபில் ரத்தம் கொடுங்கள். முடிந்தால் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து ஆரம்பிக்கும் முன்பே கொடுங்கள். பாதி டெஸ்டை எடுத்துவிட்டு "நார்மல்" என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மூன்றும் என்னென்ன? ஆன்டி-கார்டியோலிப்பின் ஒன்று. ஆன்டி-பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன் 1 இன்னொன்று. இவை இரண்டும் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். ஒவ்வொன்றிலும் ஐஜிஜி, ஐஜிஎம் என்று இரு வகை பார்ப்பார்கள். மூன்றாவதுதான் லூபஸ் ஆன்டிகோகுலன்ட். இது ஆன்டிபாடியின் அளவைப் பார்ப்பதில்லை, அது ரத்தம் உறைவதில் என்ன வேலை காட்டுகிறது என்று பார்க்கிறது. பெயரைப் பார்த்து லூபஸ் என்ற தன்னுடல் தாக்கு நோய் வந்துவிட்டது என்று பதறவேண்டாம், இது பாசிட்டிவாக வருபவர்களில் லூபஸே இல்லாதவர்கள் நிறையப் பேர்.

இந்த மூன்றாவது டெஸ்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவதும் இதுதான், எதிர்காலத்தில் ரத்தக்கட்டு வருமா என்பதை அதிகம் சொல்வதும் இதுதான். சோதனைக்குழாயில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா உறைய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வேண்டும். ஆன்டிபாடி அதை மறித்துக்கொள்வதால் குழாயில் உறைய அதிக நேரம் ஆகிறது. உடம்புக்குள் நடப்பதோ நேர் எதிர், அங்கே அதே ஆன்டிபாடி ரத்தநாளச் சுவரையும் பிளேட்லெட்டுகளையும் தூண்டிவிட்டு ரத்தக்கட்டை உண்டாக்குகிறது. ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஏபிடிடி (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்க்கும் டெஸ்ட்) நீண்டு வந்ததைப் பார்த்து "ரத்தம் நிற்காமல் போய்விடும்" என்று பயந்து ஆபரேஷனையே தள்ளிவைப்பது உண்டு. இந்த ஆன்டிபாடிதான் காரணம் என்றால் அவருக்கு உண்மையான ஆபத்து ரத்தப்போக்கு இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு வரக்கூடிய ரத்தக்கட்டுதான்.

டெஸ்டை இரண்டு விதமான வினைப்பொருட்களை வைத்துச் செய்யவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டுதல். ஒன்று சிலிக்கா வைத்த ஏபிடிடி. இன்னொன்று டிஆர்விவிடி என்ற உறைவு நேர டெஸ்ட், இதில் பயன்படுவது நம் ஊர் வயல்வரப்புகளில் திரியும் அதே கண்ணாடி விரியனின் விஷம், மிகவும் நீர்த்த அளவில். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் காரணிகள் என்போம், அந்த விஷம் அவற்றில் பத்தாம் காரணியை நேரடியாகக் கிளப்பிவிடும், அதனால் அதற்கு முந்தைய படிகளில் உள்ள கோளாறுகள் குறுக்கே வராமல் பார்க்க முடிகிறது. முதலில் உறையும் நேரம் நீள்கிறதா என்று பார்ப்போம். நீண்டால் நலமாக இருப்பவர்களின் பிளாஸ்மாவைப் பாதிக்குப் பாதி கலப்போம். வெறும் காரணிக் குறைபாடு என்றால் நேரம் சரியாகிவிடும், தடுக்கும் பொருள் இருந்தால் சரியாகாது. அப்புறம் பாஸ்போலிப்பிட்டை நிறையச் சேர்த்துப் பார்ப்போம்; இப்போது நேரம் குறைந்தால் அது லூபஸ் ஆன்டிகோகுலன்ட். இவ்வளவு படிகள் இருப்பதால் ரிப்போர்ட்டில் வெறுமனே "நெகட்டிவ்" என்று ஒரே வரி இருந்தால் திருப்திப்படாதீர்கள். எந்த முறையில் செய்தார்கள், என்ன விகிதம் வந்தது, நீங்கள் சாப்பிடும் மருந்து குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், நல்ல லேப் இதையெல்லாம் கேட்காமலே எழுதித் தரும்.

சரி, இப்போது தேர்வுகளுக்கு வருவோம். கார்டியோலிப்பின் மட்டும் எடுப்பது பரவலாக நடக்கிறது, மலிவு, எல்லா லேபிலும் கிடைக்கும். வரலாற்றிலும் இது முன்னோடி. 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் குழுவினர் இந்தக் கோளாறை விவரித்த அதே ஆண்டில்தான் கார்டியோலிப்பின் ஆன்டிபாடியை அளக்கும் முறையும் வந்தது. ஆனால் இது தனியாக வரும்போது பலவீனமான சாட்சி. சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகும், சில மருந்துகளாலும், வயதானாலும் கொஞ்சம் ஏறும். மூன்றும் பாசிட்டிவாக இருப்பவருக்கு உள்ள ஆபத்தும், கார்டியோலிப்பின் மட்டும் லேசாக ஏறியவருக்கு உள்ள ஆபத்தும் ஒப்பிடவே முடியாதவை. இன்னொரு பக்கம், லூபஸ் ஆன்டிகோகுலன்ட் மட்டும் பாசிட்டிவாகி மற்ற இரண்டும் நெகட்டிவாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை இந்த மலிவான வழி முழுதாகத் தவறவிட்டுவிடும். என்னைக் கேட்டால், ஒரு டெஸ்டுக்கு மட்டும்தான் இப்போது காசு இருக்கிறது என்றால் மருத்துவரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லி, அவசரம் இல்லாத வேறு எதையாவது சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இவற்றில் எவை கிடைக்கும் என்று விசாரிப்பதும் வீண் போகாது.

கார்டியோலிப்பின் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. கர்ப்பகாலத்தில் எடுக்கும் விடிஆர்எல், ஆர்பிஆர் போன்ற சிபிலிஸ் டெஸ்டுகளிலும் இதே கார்டியோலிப்பின்தான் வினைப்பொருளாக இருக்கிறது. ஆகவே இந்த ஆன்டிபாடி உள்ள பெண்ணுக்குப் பால்வினை நோய் துளிகூட இல்லாமலே விடிஆர்எல் பாசிட்டிவ் என்று வரலாம். ஒரு காகிதத்தால் வீட்டுக்குள் எவ்வளவு பெரிய சந்தேகம் கிளம்பும் என்று விளக்கத் தேவையில்லை. டிபிஎச்ஏ என்ற உறுதிப்படுத்தும் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அது போலிப் பாசிட்டிவ் என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே கரு கலைந்த வரலாறும் இருந்தால், அந்த விடிஆர்எல்லை ஒதுக்கித் தள்ளாமல் இந்த மூன்று டெஸ்டையும் எடுத்துப் பார்ப்பதற்கான தூண்டுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

பேக்கேஜ் வகைகள் எனக்குப் பிடிப்பதில்லை. கரு கலைந்தவர்களுக்கு டார்ச் பேனல் என்று எழுதுவது நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. ரூபெல்லா, டாக்ஸோபிளாஸ்மா என்று என்றோ வந்துபோன தொற்றின் தடயம் அதில் தெரியும், அதை வைத்துத் திரும்பத் திரும்பக் கரு கலைவதற்குக் காரணம் சொல்ல முடியாது. இன்னொன்று திராம்போஃபிலியா பேனல்: புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின், ஃபேக்டர் ஃபைவ் லைடன், எம்டிஎச்எஃப்ஆர் எல்லாம் சேர்ந்து வரும். இவை பிறவியிலேயே வரும் கோளாறுகளைத் தேடுபவை. குடும்பத்தில் பலருக்கு இளவயதில் ரத்தக்கட்டு வந்திருந்தால் இவற்றில் சிலவற்றுக்கு அர்த்தம் உண்டு. ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் இறங்கித்தான் இருக்கும், கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் தானாகவே குறையும், எம்டிஎச்எஃப்ஆர் மாற்றத்தை வைத்து எந்தச் சிகிச்சையும் மாறப்போவதில்லை. இவ்வளவும் போட்டுப் பெரிய தொகை கட்டிய பேக்கேஜைத் திறந்து பார்த்தால், சிலவற்றில் லூபஸ் ஆன்டிகோகுலன்ட்டே இருக்காது. பேக்கேஜ் என்றால் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஏஎன்ஏ டெஸ்டும் இதற்கு மாற்று இல்லை, அது லூபஸ் பக்கம் சந்தேகம் இருந்தால் தனியாகப் பார்ப்பது.

வீட்டில் ரத்தம் எடுப்பதா, லேபுக்குப் போவதா என்பதில் பதில் டெஸ்டைப் பொறுத்தது. கார்டியோலிப்பினும் கிளைக்கோபுரோட்டீனும் சீரத்தில் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்ப்பகுதியில்) செய்பவை, அவை கொஞ்சம் பயணத்தைத் தாங்கும், வீட்டில் எடுத்தாலும் பரவாயில்லை. லூபஸ் ஆன்டிகோகுலன்ட் அப்படி இல்லை. இதற்கு வெளிர்நீல மூடி போட்ட சிட்ரேட் குழாய், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கில் கோடு வரை நிரம்பியே ஆகவேண்டும், குறைந்தால் உறையும் நேரம் பொய்யாக நீளும். ரத்தம் எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு முறை சுழற்றி, பிளேட்லெட் கிட்டத்தட்ட இல்லாத பிளாஸ்மாவாகப் பிரித்தெடுக்க வேண்டும். மிச்சம் இருக்கும் பிளேட்லெட்டுகள் தங்கள் சவ்விலிருந்து பாஸ்போலிப்பிட்டைத் தந்து ஆன்டிபாடியை மறைத்துவிடும், அதுவும் அப்படியே உறையவைத்து வேறு ஊருக்கு அனுப்பினால் இன்னும் மோசம். பாசிட்டிவாக வரவேண்டியவர் நெகட்டிவ் ஆகிவிடுவார். பைக்கில் பத்து வீடு சுற்றி மத்தியானம் போய்ச் சேரும் பெட்டிக்குள் இருக்கும் குழாயிலிருந்து நான் நம்பிக்கையான பதிலை எதிர்பார்க்க மாட்டேன்.

எந்த லேப் என்று தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். டிஆர்விவிடி உங்கள் இடத்திலேயே செய்கிறீர்களா, இல்லை வெளியூருக்கு அனுப்புகிறீர்களா? அனுப்பினால், இங்கேயே இருமுறை சுழற்றி உறையவைத்துத்தான் அனுப்புகிறீர்களா? ஆய்வகங்களின் தரத்துக்குத் தரப்படும் என்ஏபிஎல் சான்று என்று பலகையில் இருப்பது முழு லேபுக்கும் பொருந்தாது, குறிப்பிட்ட டெஸ்டுகளுக்குத்தான் அந்தச் சான்று. இந்த டெஸ்ட் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்கலாம். வேலூர் சிஎம்சியிலிருந்து ரத்த உறைவு டெஸ்டுகளுக்காக நடத்தப்படும் வெளித் தரக்கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நாட்டின் பல ஆய்வகங்கள் பங்கெடுக்கின்றன, அதில் இருக்கிறோம் என்று ஒரு லேப் சொன்னால் எனக்கு நம்பிக்கை கூடும்.

அடுத்தது எப்போது என்ற கேள்வி, இங்கேதான் அதிகம் சிக்கல். மருந்து தொடங்குவதற்கு முன் எடுத்த மாதிரிதான் எப்போதும் சுத்தமானது. ரத்தக்கட்டு வந்த அன்றைக்கே எடுப்பதிலும் ஒரு குறை உண்டு, அந்த நேரத்தில் எட்டாம் காரணியும், அழற்சியின்போது கூடும் சிஆர்பி என்ற புரதமும் ஏறியிருக்கும், ஒன்று நேரத்தைக் குறைத்து ஆன்டிபாடியை மறைக்கும், மற்றது ஏபிடிடியைப் பொய்யாக நீட்டும். ஆனாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசி போடும் முன் ஒரு குழாய் எடுத்துவைக்க முடிந்தால் எடுத்துவைப்பது நல்லது என்பேன். சிகிச்சையை மட்டும் இதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக்கூடாது.

வார்ஃபரின் அல்லது அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோம் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால்? கார்டியோலிப்பினையும் கிளைக்கோபுரோட்டீனையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், இந்த மருந்துகள் அவற்றைத் தொடாது. ஆகவே அதிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டும் ஐஜிஜி வகையில் உயரமாக வந்துவிட்டால், மருத்துவர் முடிவெடுக்க அதுவே பெரும்பாலும் போதும். லூபஸ் ஆன்டிகோகுலன்ட்டும் கட்டாயம் வேண்டும் என்றால், வார்ஃபரினைக் கொஞ்ச நாள் நிறுத்தி அந்த இடைவெளிக்கு லோ மாலிக்யூலர் ஹெப்பரின் ஊசி போட்டு, கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் வழி ஒன்று உண்டு. டைப்பான் பாம்பின் விஷத்தை வைத்துச் செய்யும் டெஸ்ட் வார்ஃபரினோடும் ஓரளவு ஒத்துப்போகும், ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைக்காது. ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர் ஒரு ரிப்போர்ட்டுக்காகத் தானாக மருந்தை நிறுத்துவதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், செய்யாதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு விதம். அது டிஆர்விவிடியைப் பொய்யாகப் பாசிட்டிவ் ஆக்கிவிடும். கடைசி மாத்திரைக்குப் பிறகு 12 மணி நேரமாவது விட்டு எடுப்பதும், கரித்தூள் போன்ற உறிஞ்சியால் பிளாஸ்மாவிலிருந்து மருந்தை நீக்கிவிட்டுச் செய்வதும் உதவும். மாத்திரையின் பெயரை லேபில் சொல்லாமல் விட்டால் இல்லாத நோய்க்குச் சிகிச்சை தொடங்கிவிடக்கூடும்.

இந்தச் சிரமமெல்லாம் எதற்கு, எப்படியும் மருந்து சாப்பிடத்தானே போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மருந்து என்பதே இந்த ரிப்போர்ட்டைப் பொறுத்திருக்கிறது. இத்தாலியில் நடந்த ட்ராப்ஸ் ஆய்வு 2018-இல் வெளியானது. மூன்று டெஸ்டும் பாசிட்டிவான 120 பேரைப் பிரித்து ஒரு பகுதிக்கு ரிவராக்சபானும் மறுபகுதிக்கு வார்ஃபரினும் கொடுத்தார்கள். ரிவராக்சபான் பக்கம் 4 பேருக்குப் பக்கவாதமும் 3 பேருக்கு மாரடைப்பும் வந்தன, வார்ஃபரின் பக்கம் ஒருவருக்கும் வரவில்லை, ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். வார்ஃபரினுக்குப் போல அடிக்கடி ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கும் தொல்லை இல்லாத வசதியான மாத்திரைதான், மற்ற நிறையப் பேருக்கு நல்ல மாத்திரையும்கூட. ஆனால் மூன்றும் பாசிட்டிவானவருக்கு அது பாதுகாப்பான தேர்வு இல்லை. டெஸ்டே எடுக்காமல் விட்டவருக்கு இது எப்படித் தெரியும்?

கரு கலைந்தவர்களுக்கும் இதே அளவு பலன் உண்டு. 1997-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஆன்டிபாடி உள்ள, பலமுறை கரு கலைந்த 90 பெண்களில் ஆஸ்பிரினோடு ஹெப்பரினும் எடுத்தவர்களில் 71 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 சதவீதம். ஊசியும் மாத்திரையும்தான், ஆனால் யாருக்கு என்று தெரியவேண்டும். எப்போது எடுப்பது என்றால், கர்ப்பமாக இருக்கும்போது உறைவுக் காரணிகள் ஏறியிருப்பதால் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் தப்பிவிடலாம், கரு கலைந்த உடனேயும் முடிவைச் சொல்வது கடினம். அடுத்த கர்ப்பத்துக்கு முன், உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது. ஏற்கெனவே கர்ப்பம் என்றால் காத்திருக்க வேண்டாம், இப்போதே எடுத்துவிட்டுப் பிரசவத்துக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கலாம்.

எடுக்கவே வேண்டாதவர்களும் உண்டு. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கட்டிய எழுபது வயதுக்காரருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஆர்வத்தால் கேட்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நலமாக இருப்பவர்களிலும் நூற்றில் சிலருக்கு இந்த ஆன்டிபாடி லேசாக இருக்கும், பாசிட்டிவ் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் படும் மனக்கஷ்டம் யாருக்கும் உதவாது.

ரிப்போர்ட் வந்துவிட்டது. இப்போது எண்களைப் பாருங்கள். லேபின் எல்லை 15 அல்லது 20 என்று போட்டு 24 வந்திருந்தால் சிவப்பில் அடித்துத் தருவார்கள், ஆனால் எலைசா என்ற அளவீட்டு முறையில் 40 யூனிட்டுக்கு மேல் போனால்தான் மிதமான அளவு என்றும், 80-க்கு மேல் என்றால் அதிகம் என்றும் 2023-இல் வந்த அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகளின் வரையறை கணக்கில் எடுக்கிறது. அந்த வரையறை ஆய்வுகளுக்கு ஆட்களைச் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது, நேரடியாக நோயை முடிவு செய்ய இல்லை. இருந்தாலும் எதற்கு எவ்வளவு எடை என்பதை அதில் பார்க்கலாம். லூபஸ் ஆன்டிகோகுலன்ட் தொடர்ந்து பாசிட்டிவ் என்றால் 5 புள்ளி, ஒருமுறை மட்டும் என்றால் 1, ஐஜிஎம் மட்டும் ஏறியிருந்தால் அது எவ்வளவு ஏறினாலும் 1 தான்.

ஒருமுறை பாசிட்டிவ் என்பது பாதி ரிப்போர்ட். 2006-இல் வெளியான, ஏபிஎஸ்ஸை வகைப்படுத்தும் சிட்னி வரையறையிலிருந்து குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பாசிட்டிவாக வரவேண்டும் என்பது விதி, ஏனென்றால் தொற்றுகளுக்குப் பிறகு தோன்றும் ஆன்டிபாடிகள் பல அதற்குள் மறைந்துவிடும். இரண்டாவது முறை செலவு என்று தவிர்ப்பவர்கள் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் சாப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவை ஒற்றைக் காகிதத்தில் எடுக்கிறார்கள். அந்த 12 வாரமும் மருத்துவர் கொடுத்த மருந்து நடக்கட்டும். இரண்டாம் முறை அதே லேபில், அதே முறையில் எடுங்கள். எலைசாவில் வந்த எண்ணையும் கெமிலூமினசென்ஸ் என்ற வேறு முறையில் இயங்கும் இயந்திரத்தில் வந்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ஏறியது இறங்கியது என்று பேச முடியாது.

மூன்றும் நெகட்டிவ், ஆனால் அறிகுறிகள் எல்லாம் ஏபிஎஸ் போலவே இருக்கிறது என்றால் பாஸ்பேட்டிடைல்செரின்-புரோத்ராம்பின் ஆன்டிபாடி என்ற கூடுதல் டெஸ்ட் ஒன்று உண்டு. அது லூபஸ் ஆன்டிகோகுலன்ட்டோடு நெருக்கமாகப் போவது, சீரத்தில் செய்யலாம், மருந்து சாப்பிடும்போதும் எடுக்கலாம் என்பதால் வார்ஃபரினை நிறுத்தவே முடியாதவர்களுக்கு ஒரு துப்புத் தரும். முதல் சுற்றிலேயே இதற்குச் செலவழிக்க வேண்டாம், முன்பு எடுத்த லூபஸ் ஆன்டிகோகுலன்ட் எப்படிப்பட்ட மாதிரியில், எந்த மருந்தின் நடுவில் எடுத்தது என்று ரத்தநோய் நிபுணரிடம் காட்டி, அதை ஒழுங்காக இன்னொருமுறை எடுத்த பிறகு இதைப் பற்றி யோசிக்கலாம்.